நோக்கியாவைக் கைவிட்டது யார்?

2007 ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் இந்தியா முழுக்கப் பலர் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். செல்போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை உருவி, அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த அடையாள எண்ணைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்கள். நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி சூடேறி வெடிக்கக்கூடும் என்ற செய்தி அந்த வாரம்தான் வந்திருந்தது. சொன்னது எதிரிக் கம்பெனி அல்ல, நோக்கியாவே. மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளில் கோளாறு இருக்கலாம், வேண்டுமானால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. அதுவரை உலகம் முழுவதிலும் வந்திருந்த புகார்கள் ஏறத்தாழ 100 மட்டுமே. ஆனால் டார்ச் லைட் வைத்த 1100-லிருந்து, அன்றைய கல்லூரி மாணவர்களின் கனவுப் போனான 6600 வரை பலவற்றிலும் அந்த பேட்டரிதான் இருந்தது. நோக்கியா கேர் வாசல்களில் கூட்டம் நெரிந்தது.

சட்டைப்பையில் இருக்கும் பொருள் வெடிக்கலாம் என்று அதைச் செய்த கம்பெனியே சொல்கிறது. ஒரு பெயர் கெட்டுப்போக இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஆனாலும் கெடவில்லை. மக்கள் பேட்டரியை மாற்றிக்கொண்டு, அதே போனில் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டும் இந்தியாவில் விற்ற செல்போன்களில் பாதிக்கும் மேல் நோக்கியாதான்.

அதற்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகளில் அதே மக்கள் விலகிப் போனார்கள். கோபத்தால் போகவில்லை. விபத்தோ வதந்தியோ காரணம் இல்லை. இன்னொரு சிம் போட ஒரு துளை வேண்டும் என்றார்கள். நோக்கியாவிடம் அது இல்லை. வேறு போன் வாங்கிக்கொண்டார்கள்.

பேட்டரி பயத்திலும் அசையாதவர்கள் ஒரு சிம் துளைக்காக நகர்ந்தார்கள். மின்னணுப் பொருள்களின் விற்பனையை நடத்துவது பிராண்டு மேல் உள்ள பிடிப்பா, கம்பெனியின் வியாபார வியூகமா என்ற பழைய கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனை நம் நாட்டில் நடந்ததில்லை.

பிடிப்பு எதனால் ஆனது?

நோக்கியா இந்தியாவுக்கு வந்தது 1995-ல். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசிய, இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பே நோக்கியா கருவியில்தான் நடந்தது. ஆனால் அந்தப் பெருமையைக் கேட்டு யாரும் போன் வாங்கவில்லை. 2003-ல் வந்த 1100-ஐ எதற்காக வாங்கினார்கள் என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். மின்சாரம் போனால் டார்ச். தூசி புகாத கீபேட். வியர்த்த கையிலும் நழுவாத பக்கவாட்டு. கீழே விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் உடம்பு. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற அந்தப் போனில் கேமரா கிடையாது, கலர் திரை கிடையாது.

அதைவிட முக்கியமானவை போனுக்கு வெளியே இருந்தன. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த டீக்கடையில் கேட்டாலும் நோக்கியா சார்ஜர் கிடைக்கும். தெருமுனை ரிப்பேர் கடையில் டிஸ்ப்ளே, கீபேட், ஸ்பீக்கர் எல்லாம் கையிருப்பில் இருக்கும். பழைய நோக்கியாவைக் கொடுத்தால் நல்ல விலை வரும். அப்பாவின் போனில் மெசேஜ் அனுப்பத் தெரிந்த பிள்ளைக்கு மாமாவின் போனிலும் தெரியும், ஏனென்றால் மெனு ஒன்றே. போன் எச்.சி.எல். விநியோக வலை வழியாகச் சின்ன ஊர்க் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலையே இயங்க ஆரம்பித்துவிட்டது.

இத்தனையையும் சேர்த்துத்தான் அன்று ஒருவர் "நோக்கியான்னா நோக்கியாதான்" என்றார். அது காதல்போலத் தோன்றினாலும் அதன் எலும்புக்கூடு முழுக்க வியூகம். பத்து ஆண்டுகள் யாரோ திட்டமிட்டு, கணக்குப் போட்டு, சாலை இல்லாத ஊருக்கும் சரக்கு அனுப்பிக் கட்டியது. பேட்டரி விவகாரத்தில் மக்கள் பொறுமை காட்டியதற்கும் காரணம் இதுதான். மறைக்காமல் சொன்னார்கள், எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதில் வந்தது, மாற்றித் தர அருகில் ஒரு சர்வீஸ் சென்டர் இருந்தது.

இரண்டாவது சிம்

2008, 2009-ல் செல்போன் கட்டணப் போர் உச்சத்தில் இருந்தது. ஒரே கம்பெனி எண்ணுக்கு ஒரு கட்டணம், வேறு கம்பெனிக்கு வேறு கட்டணம், இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று. 2009-ல் டாடா டொகோமோ வந்து நிமிடக் கணக்கை விநாடிக் கணக்காக்கியது. சம்பளத்தில் போன் செலவு கணிசமாக இருந்த காலம் அது. ஆட்டோ ஓட்டுநரும், கட்டடத் தொழிலாளியும், வெளியூரில் படித்த மாணவியும் இரண்டு மூன்று சிம் வைத்துக்கொண்டு, யாருக்குப் பேச எது மலிவு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பேட்டரியைக் கழற்றிச் சிம் மாற்றும் அந்த வேலையை ஒருநாளில் எத்தனை முறை செய்வது?

அந்த அலுப்பை முதலில் புரிந்துகொண்டது பெயரில்லாத சைனா செட்டுகள். சென்னையின் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் அவை குவிந்தன. இரண்டு சிம், ஊருக்கே கேட்கும் ஸ்பீக்கர், சிலவற்றில் டி.வி. ஆன்டெனாகூட உண்டு. அதையே பெயரோடும் ரசீதோடும் உத்தரவாதத்தோடும் விற்க வந்தவைதான் மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா, ஸ்பைஸ் போன்ற இந்திய பிராண்டுகள். ஒரு முறை சார்ஜ் செய்தால் 30 நாள் தாங்கும் என்று மைக்ரோமேக்ஸ் 2008-ல் எக்ஸ்1ஐ மாடலை விற்றது. மின்வெட்டு பல மணி நேரம் நீண்ட நம் ஊர்களில் அதன் மதிப்பு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

நோக்கியாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆனால் இந்தியக் கடைகளில் நோக்கியாவின் இரட்டை சிம் போன்கள் தாராளமாகக் கிடைத்தது 2011-ல்தான். அந்த ஆண்டு பிப்ரவரியில் அதன் தலைவர் ஸ்டீபன் எலோப் ஸ்மார்ட்போன்களுக்காக மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார். உலகம் ஆண்ட்ராய்டு பக்கம் போய்க்கொண்டிருந்தது. கீழே இரட்டை சிம், மேலே ஆண்ட்ராய்டு. இரண்டு பக்கமும் தாமதம். தன் மேல் மக்கள் வைத்த பிடிப்பைக் கையிருப்புப் பணம்போல நினைத்து நோக்கியா செலவழித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பிடிப்பு அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் அவகாசம் வாங்கிக் கொடுத்தது. சின்ன கம்பெனியாக இருந்திருந்தால் ஆறே மாதத்தில் கடையைக் கட்டியிருக்கும்.

விலை கொடுத்தது பங்குதாரர்கள் மட்டுமல்ல. 2013 செப்டம்பரில் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. வரி வழக்கில் சிக்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த இடம் அது. அவர்களில் பலர் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, முதல்முறையாக மாதச் சம்பளம் பார்த்த இளம்பெண்கள். விருப்ப ஓய்வு என்ற பெயரில் பெரும்பாலோர் வெளியேற, 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அதை நம்பியிருந்த ஒப்பந்த உற்பத்தி நிறுவனமான ஃபாக்ஸ்கானும் அடுத்த மாதமே அங்கே உற்பத்தியை நிறுத்தியது. பிராண்டு பற்றிய பேச்சில் இந்தப் பெண்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஏறியதும் இறங்கியதும்

நோக்கியாவை வீழ்த்தியவர்களுக்காவது மக்களின் விசுவாசம் கிடைத்ததா? மைக்ரோமேக்ஸ் 2013-ல் ஹாலிவுட் நடிகர் ஹியூ ஜாக்மனை விளம்பரத்துக்குக் கொண்டுவந்தது. 2014-ன் கடைசிக் காலாண்டில் இந்திய ஸ்மார்ட்போன் விற்பனையில் சாம்சங்கையே முந்திவிட்டது என்று ஓர் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. சாம்சங் மறுத்தது. ஆனால் அப்படி ஒரு வாக்குவாதம் எழும் உயரத்துக்கு ஓர் இந்திய பிராண்டு வந்திருந்தது உண்மை.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. 4ஜி மட்டும். பழைய முறையில் குரல் அழைப்பே அதில் கிடையாது. இலவச டேட்டா வேண்டுமென்றால் 4ஜி போன் வேண்டும். மைக்ரோமேக்ஸ் உள்ளிட்ட இந்திய பிராண்டுகளிடம் 3ஜி போன்கள் தேங்கிக் கிடந்தன. ஷாவ்மி, ஓப்போ, விவோ ஆகியவற்றிடம் 4ஜி போன்கள் தயாராக இருந்தன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மைக்ரோமேக்ஸ் முன்வரிசையிலிருந்து காணாமல் போனது. கோடிக்கணக்கானோர் கையில் வைத்திருந்த பெயர் அது. அதற்காக யாரும் வருந்தியதாகக்கூடத் தெரியவில்லை.

ஷாவ்மியின் கதை இன்னும் சுவையானது. 2014 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது அதற்குக் கடையும் இல்லை, டி.வி. விளம்பரமும் இல்லை. ஃபிளிப்கார்ட்டில் மட்டும், குறித்த நாளில், குறித்த நேரத்தில் விற்றது. எம்.ஐ. 3 விலை 13,999 ரூபாய். அதே திறன் உள்ள போன் வேறு பிராண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு விலை. அந்த செப்டம்பரில் 5,999 ரூபாய் ரெட்மி 1எஸ் 40,000 போன்கள் ஒரே விற்பனையில் சில விநாடிகளில் தீர்ந்தன. கடைக்காரர் மார்ஜின் இல்லை, விளம்பரச் செலவு இல்லை, மிச்சமானதை விலையில் கழித்தார்கள். 2017-ன் கடைசியில் சாம்சங்கைத் தள்ளிவிட்டு முதலிடம் பிடித்தது. வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்கமாட்டோம் என்று 2018-ல் அதன் நிறுவனர் லெய் ஜுன் உறுதியே கொடுத்தார். ரசிகர் மன்றங்கள் இருந்தன, ரசிகர் கூட்டங்கள் நடந்தன. உண்மையான விசுவாசம் என்றால் இதுதான் என்று எல்லோரும் எழுதினார்கள்.

2022-ன் கடைசிக் காலாண்டில் அந்த முதலிடம் போனது. ரசிகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மலிவு விலைப் போன் வாங்குவோரின் கை சுருங்கியது, 5ஜி வந்தது, மாடல்கள் ஒன்றோடொன்று குழம்பின, நேரடிக் கடைகளில் மற்றவர்கள் பலமாக வேரூன்றியிருந்தார்கள். அதில் முக்கியமானது விவோ. 2017-ல் ஐபிஎல் பெயருரிமையை ஐந்து ஆண்டுகளுக்கு 2,199 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது பணத்தை வாரி இறைக்கிறார்கள் என்றார்கள். ஆனால் விவோவின் உண்மையான பலம் கிரிக்கெட் மைதானத்தில் இல்லை. நம் பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஒன்று நீலம், ஒன்று பச்சை. விவோ, ஓப்போ. பலகையைக் கம்பெனி போட்டுக் கொடுத்தது, உள்ளே நிற்கும் புரமோட்டருக்குச் சம்பளமும் கம்பெனி கொடுத்தது, கடைக்காரருக்கு ஆன்லைனில் போட்டி வராமல் விலையையும் பார்த்துக்கொண்டது. ஷாவ்மி கடைக்காரரைத் தவிர்த்து ஜெயித்தது. விவோ கடைக்காரரைப் பிடித்து ஜெயித்தது. இரண்டு எதிரெதிர் வியூகங்கள் அடுத்தடுத்து வென்ற அதே காலத்தில் வாடிக்கையாளர் மாறவில்லை. அதே ஆள், அதே பட்ஜெட், அதே தேவை.

இதில் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று உண்டு. விவோ, ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மி நான்குக்கும் வேர் சீனாவின் பிபிகே எலக்ட்ரானிக்ஸ். கடையில் ஒரு பிராண்டு வேண்டாமென்று இன்னொன்றுக்குப் போகிறவர், பல நேரம் ஒரே குடும்பத்துக்குள்தான் சுற்றி வருகிறார்.

கடையில் நடப்பது

தமிழ்நாட்டில் வீட்டு உபயோகப் பொருள் வியாபாரத்தை வளர்த்தது எந்த பிராண்டும் அல்ல. தவணைதான். 1950-களில் ரேடியோவையும் கைக்கடிகாரத்தையும் தவணையில் கொடுத்து அந்த வழியைத் திறந்தவர் வி.ஜி.பன்னீர்தாஸ். அவருடைய வி.ஜி.பி.யில் வேலை பார்த்து, வெளியே வந்து, 1978-ல் சிறிய கடை போட்டவர் எச்.வசந்தகுமார். வசந்த் அண்ட் கோ மாநிலம் முழுக்கப் பரவியது. மாதாமாதம் அட்டையில் வரவு வைத்து, நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரரிடம்தான் மக்கள் போனார்கள். அந்தக் காலத்தில் "எந்த டி.வி. வாங்கினீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் கடையின் பெயரைத்தான் சொல்வார்கள். விசுவாசம் இருந்தது. அது பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயருக்கு அல்ல, கடன் கொடுத்த மனிதருக்கு.

இன்று அந்த அட்டையின் இடத்தில் இ.எம்.ஐ. இருக்கிறது. இன்றைய விற்பனையின் மிகப் பெரிய வியூகம் இதுதான், அதிகம் புரியாமல் கையெழுத்துப் போடப்படுவதும் இதுதான். 20,000 ரூபாய் டி.வி.யைப் பத்து மாதம் 2,000 ரூபாயாகக் கட்டச் சொல்கிறார்கள். வட்டி இல்லை என்கிறார்கள். வட்டி இல்லாமல் கடன் கொடுக்க எந்த நிதி நிறுவனத்தாலும் முடியாது. அந்த வட்டியைத் தயாரிப்பாளரோ கடைக்காரரோ முன்கூட்டியே தள்ளுபடியாக நிதி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறார். ரொக்கமாக வாங்குபவர் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி அது. மேலே ப்ராசஸிங் ஃபீஸ், அதற்கு ஜி.எஸ்.டி. சூனிய வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதி, அப்படிப்பட்ட திட்டங்களைத் தடுத்தது. பெயர் மாறி, "நோ காஸ்ட்" என்று திரும்பி வந்தது.

ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கு முந்தைய வாரத்திலோ ஒரு பெரிய கடையில் அரைமணி நேரம் நின்று கவனித்தால் போதும். உள்ளே வரும் குடும்பம் ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு வருகிறது. முதலில் கேட்கப்படுவது பட்ஜெட். அடுத்தது கார்டு எது என்பது. எந்த பிராண்டுக்கு இந்த வாரம் முன்பணம் இல்லாத ஸ்கீம் இருக்கிறது, எந்தப் பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்கள், எது ஸ்டாக்கில் இருக்கிறது, நாளைக்கே டெலிவரி ஆகுமா என்ற கேள்விகள் ஒவ்வொன்றாக வரும்போது அந்த முதல் பெயர் மெல்ல நகர்ந்துவிடுகிறது. நிற்கும் பணியாளர்களில் பலர் கடையின் ஆட்கள் அல்ல, கம்பெனி அனுப்பிய புரமோட்டர்கள். மாத இலக்கு அவர்கள் தலைமேல் தொங்குகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம்மிடம் பேசுபவரின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

ஐபோனும் தப்பவில்லை

இங்கே ஒருவர் எழுந்து, "அப்படியானால் ஐபோன்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. உலகில் பிராண்டுப் பிடிப்புக்கு முதல் உதாரணம் ஆப்பிள்.

ஐபோன் இந்தியாவுக்கு வந்தது 2008 ஆகஸ்ட் 22. ஏர்டெல், வோடஃபோன் வழியாக மட்டும். 8 ஜி.பி. போன் 31,000 ரூபாய். அமெரிக்காவில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 199 டாலருக்குக் கொடுத்த அதே போன். பெயருக்கு அன்றும் குறையில்லை, ஸ்டீவ் ஜாப்ஸ் உயிரோடு இருந்தார், பத்திரிகைகள் புகழ்ந்தன. விற்பனை மட்டும் நடக்கவில்லை. பிறகு 2012-ன் இறுதியில் ஆப்பிள் விநியோக முறையை மாற்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிங்டன் போன்ற விநியோகஸ்தர்கள் வழியாகச் சாதாரணச் செல்போன் கடைகளுக்கு ஐபோன் போனது. 2013-ல் தவணைத் திட்டம், பழைய போனுக்குப் பணம், முழுப்பக்க விளம்பரங்கள். அதன் பிறகே கடைகளில் ஐபோன் நகர ஆரம்பித்தது. பெயர் அப்படியே இருந்தது, மாறியது வழி.

2020 செப்டம்பரில் ஆப்பிள் தன் இணையக் கடையைத் திறந்தது, 2023 ஏப்ரலில் மும்பையிலும் டெல்லியிலும் சொந்தக் கடைகள். ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திரும்ப வந்து ஐபோன் செய்கிறது. நோக்கியாவின் பழைய ஆலையை ஆப்பிளுக்கு சார்ஜர் செய்துதரும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. புது மாடல் வந்ததும் பழைய மாடலின் விலையைக் குறைத்து, வங்கி கேஷ்பேக்கும் 24 மாதத் தவணையும் சேர்த்து, 30,000 ரூபாய் சம்பளக்காரரின் கைக்கும் ஐபோன் வருகிறது. இதை ஆசை என்று சொல்லலாம். ஆசையைக் கட்டக்கூடிய தொகையாக மாற்றியது வியூகம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஐபோனை விட்டு வெளியேறுவது எளிதல்ல. அவர்களுடைய மெசேஜ், வாட்ச், குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் ஆப்பிள் வேலிக்குள் இருக்கின்றன. வெளியேற முடியாதபடி செய்கிறது என்பதுதான் அமெரிக்க நீதித்துறை 2024 மார்ச்சில் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கின் சாரம். இங்கே எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறோம். அது எந்தப் போனிலும் ஒன்றே. அதனால் நம் ஆட்கள் சுலபமாகப் போன் மாற்றுகிறார்கள். பிடிப்பு என்று எண்ணப்படுவதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வேலி என்று பிரித்துப் பார்க்காமல் எந்தச் சதவீதக் கணக்கையும் நம்புவதற்கில்லை.

விசுவாசத்துக்குரிய பங்கு

அதற்காகப் பிடிப்பே பொய் என்று சொல்லிவிட முடியாது. சாம்சங் நோட் 7-ஐப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் வந்தது, தீப்பிடித்தது, செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள், மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடித்தன, அக்டோபரில் மாடலையே நிறுத்தினார்கள். விமானங்களில் பெயர் சொல்லித் தடை அறிவிப்பு செய்தார்கள். ஆனால் சாம்சங் ஓடி ஒளியவில்லை. 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்து, 2017 ஜனவரியில் காரணத்தை உலகத்தின் முன் வைத்தது. அந்த ஏப்ரலில் எஸ்8 வந்தபோது மக்கள் வாங்கினார்கள். அந்த ஆண்டும் உலகில் அதிகம் விற்ற போன் சாம்சங்தான். பெயரில்லாத கம்பெனிக்கு இப்படி ஒரு விபத்து நடந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். மக்கள் பிடிப்பு வைத்திருந்ததால் சாம்சங்குக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. நோக்கியாவுக்கும் அப்படி ஓர் அவகாசம் கிடைத்தது. ஒருவர் பயன்படுத்தினார், ஒருவர் வீணடித்தார்.

டி.வி.யில் இந்த அவகாசம் இன்னும் குறைவு. போனை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றுகிறோம். டி.வி.யை எட்டு, பத்து ஆண்டுகள் வைத்திருக்கிறோம். திரும்பக் கடைக்குப் போகும்போது தொழில்நுட்பமே மாறியிருக்கும். சென்னையில் பிறந்த சாலிடேரும் டயனோராவும் ஒரு தலைமுறைக்கு டி.வி. என்றாலே நினைவுக்கு வந்த பெயர்கள். கொம்பு முளைத்த பூதத்தை வைத்து ஒனிடா செய்த விளம்பரம் இன்றும் பலருக்கு மறக்கவில்லை. பிபிஎல், வீடியோகான் என்று வீட்டுக்கு வீடு இருந்தன. சாம்சங் 1995-லும் எல்.ஜி. 1997-லும் வந்தன. இந்திய மொழியில் திரை எழுத்து காட்டும் 'சம்பூர்ணா' டி.வி.யை எல்.ஜி. 1998-ல் சின்ன ஊர்களுக்குக் கொண்டுபோனது. பத்தாண்டுக்குள் மேடை மாறிவிட்டது. உலக அளவில் சோனிக்கும் இதுதான் நேர்ந்தது. ட்ரினிட்ரான் படக்குழாயின் பெருமையில் தட்டைத் திரைக்குத் தாமதமாக வந்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து டி.வி. தொழிலில் நஷ்டம் கண்டது. 2006-ல் உலக டி.வி. சந்தையில் முதலிடம் பிடித்த சாம்சங் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஆண்ட்ரூ எரன்பெர்க் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் வாங்குவோர் கணக்குகளை ஆராய்ந்து காட்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. சின்ன பிராண்டுக்கு வாங்குவோரும் குறைவு, அவர்கள் திரும்பி வருவதும் குறைவு. அதாவது பிடிப்பு என்பது பெரிதாக இருப்பதன் விளைவு, காரணம் அல்ல. அவர் வழியில் வந்த பைரன் ஷார்ப் 2010-ல் எழுதிய நூலில், வளர வேண்டுமென்றால் புதியவர்களைச் சேர், எங்கும் கிடைக்கும்படி செய், நினைவில் இரு என்றார். நம் பேருந்து நிலையக் கடைக்காரர் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகாமல் சொல்வதும் இதையேதான்.

பெயர் மட்டும் போதுமா என்பதற்கு நேரடிச் சோதனையே நடந்துவிட்டது. ஹெச்எம்டி என்ற ஃபின்லாந்து நிறுவனம் நோக்கியா பெயரை உரிமத்தில் பெற்று 2017-ல் பழைய 3310-ஐப் புதுப்பித்துக் கொண்டுவந்தது. உலகமே புகைப்படம் எடுத்தது. பாசத்தோடு கடைக்குப் போய்ப் பார்த்தவர்கள் ரெட்மி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். 2024-ல் அந்த நிறுவனம் தன் சொந்தப் பெயரிலேயே ஸ்மார்ட்போன் விற்க ஆரம்பித்தது. இன்று இந்தியாவில் விற்கும் கோடக், தாம்சன் டி.வி.களைச் செய்வது நொய்டாவைச் சேர்ந்த ஓர் உரிமதாரர். பெயர் வாடகைக்குக் கிடைக்கிறது. அதன் பின்னால் இருந்த பொறியாளர்களும் சர்வீஸ் சென்டர்களும் வாடகைக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெயரைப் பற்றிக் கவலைப்படுவதைவிடக் கேட்க வேண்டியவை வேறு. உங்கள் ஊரில், குறைந்தது உங்கள் மாவட்டத் தலைநகரில், அந்தக் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? டி.வி.யின் பேனல் போனால் விலை என்ன? இந்தப் போனுக்கு எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தருவார்கள்? சாம்சங் 2024 ஜனவரியில் தன் விலை உயர்ந்த எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தது. பட்ஜெட் போன்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுதான். அதிகப் பணம் கொடுக்க முடியாதவருக்குத்தான் போன் அதிக நாள் உழைக்க வேண்டும், இங்கே தலைகீழாக நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பும் ஏழு ஆண்டுகள் உதிரிபாகமும் கட்டாயம். இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு வலைத்தளத்தை மத்திய அரசு தொடங்கியது. கம்பெனிகள் தகவல் தருகின்றன. கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஐரோப்பாவில் இதைச் செய்து விற்கும் அதே கம்பெனிகளிடம் அதே உத்தரவாதத்தை இங்கேயும் எழுத்தில் கேட்க நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. நுகர்வோர் அமைப்புகளும் நம் மக்களவை உறுப்பினர்களும் அதை டெல்லியில் கேட்க வேண்டும்.